ஒரு வெடிப்பும் இல்லை

செருப்பைக் கழற்ற வேண்டாம். தரையெல்லாம் புழுதி. இந்த நாற்காலியில் உட்காருங்கள். அது வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம்.

பையன் வர அரைமணி ஆகும். சங்ககிரி தாண்டி டயர் பஞ்சராம். அவன் வரும்வரை உங்களிடம் நான் பேசக் கூடாது என்று உத்தரவு. 'நிலம் பாக்க ஒருத்தர் வருவாருப்பா. உக்கார வைங்க, தண்ணி குடுங்க, வாயைத் தொறக்காதீங்க.' இதுதான் அவன் சொன்னது. உட்கார வைத்துவிட்டேன். இந்தாருங்கள், தண்ணீர். லாரியில் வருகிற தண்ணீர், பார்த்துக் குடியுங்கள். மூன்றாவது என்னால் ஆகாது.

நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இருங்கள், சொல்லாதீர்கள். தண்ணீர் இருக்கிறதா? அதுதானே? இதற்கு முன் வந்த இரண்டு பேரும் அதைத்தான் கேட்டார்கள். கோழிப்பண்ணைக்காரர்கள். நாமக்கல் பக்கத்தில் நிலம் பார்க்க வேறு யார் வருவார்கள்? உங்கள் காரையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்தாலே தெரிகிறது. ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூட. உங்கள் பண்ணையில் எத்தனை கோழி என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அறுபத்தேழு வயதில் ஒரு வருஷம் கல்லூரிக்குப் போனேன். ஆகவே ஒரு வார்த்தையில் சொல்ல மாட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் போங்கள்.

என் பேர் செங்கோடன். பத்திரத்தில் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை ஆலையில் கெமிஸ்ட். வேலையில் இருந்த காலமெல்லாம் கரும்புச் சாறைச் சோதித்தவன். ரிட்டயர் ஆனதும் இந்த நாலு ஏக்கரை வாங்கினேன். தண்ணீர் இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் காடு. நம் பக்கத்துக் கணக்கு உங்களுக்குத் தெரியும். காடாக வாங்கித் தோட்டமாக்கலாம் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரி பாவாயி பத்திரம் எழுதின அன்றைக்கே சொன்னாள்: "காடு காடாத்தான் கெடக்கும். நீங்கதான் தோட்டத்துக்காரருன்னு சொல்லிக்கிட்டுத் திரியப் போறீங்க." அவள் வாய் அப்படி.

முதல் போர்வெல், வேப்பங்குச்சி பிடித்து நீரோட்டம் பார்க்கிறவன் சொன்ன இடத்தில் போட்டது. புழுதி. இரண்டாவது, தேங்காய்க்காரர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தார். அதோ அந்த வேலமரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றது. என் கண்ணால் பார்த்தேன். எழுநூறு அடி போனோம். புழுதி. தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தாள் பாவாயி. தின்றுவிட்டு மறுநாள் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். பையன் வீட்டுக்கு. பேரனைப் பார்த்துக்கொள்கிறாளாம். "தண்ணி வந்தாச் சொல்லியனுப்புங்க, வர்றேன்" என்றாள். அதற்கப்புறம் வரவில்லை.

அப்புறம்தான் அந்த ஜியாலஜிஸ்ட். முகுந்தன் என்று பேர். காரிலிருந்து இறங்கினார். புழுதிக் குவியலை ஷூவால் கிளறினார். அந்த மேட்டில் ஏறி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கூலிங் கிளாஸைக்கூடக் கழற்றவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். "இங்க போர் போடாதீங்கய்யா. அடியில முழுப் பாறை. வெடிப்பு இருந்தாத்தான் தண்ணி நிக்கும். இங்க வெடிப்பு இல்ல."

"எதை வெச்சுச் சொல்றீங்க?" என்றேன்.

"படிச்சிருக்கேனுங்க."

என்ன திமிர் பாருங்கள். நான் மட்டும் படிக்காதவனா? அவர் கார் ரோட்டைத் தொடுவதற்குள் போர் வண்டிக்குப் போன் போட்டேன். அவர் நின்ற அதே மேட்டில் போடச் சொன்னேன். புழுதி பக்கத்துக் காடுவரை போயிற்று. அவர் சொன்னது சரி என்று நினைக்காதீர்கள். நான் இடம் தேர்ந்தெடுத்த விதம் தவறு, அவ்வளவுதான். கோபத்தில் இடம் பார்க்கக் கூடாது. படித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

சேலத்தில் ஒரு கல்லூரி. பேர் வேண்டாம். நிலவியலில் முதுநிலைப் பட்டயம், ஒரு வருஷம். எந்த அறிவியல் பட்டதாரியும் சேரலாம், வயது வரம்பு இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டவன் என்னை நினைத்துப் போட்டிருக்க மாட்டான்.

துறைத் தலைவர் தனபாக்கியம் மேடம். என் பையன் வயதுதான் இருக்கும். "உக்காருங்க சார். அட்மிஷன் யாருக்கு, பேரனுக்கா?"

"எனக்கு."

"எதுக்கு சார்?"

"என் காட்டுல தண்ணி இருக்கு. அது எங்க இருக்குன்னு தெரியணும்."

"இருக்குன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"ஆமாம்."

சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

வகுப்பில் என்னோடு பத்துப் பேர். எல்லாம் இருபத்திரண்டு, இருபத்திமூன்று. எனக்கு ஒரு பட்டப் பேர் வைத்தார்கள். ஃபாசில். கல்லாகிப்போன பழைய எலும்பு என்று அர்த்தம். இந்த மண்ணுக்கு அடியில் இருக்கிற பாறைக்கு வயது இருநூற்றைம்பது கோடி வருஷம். அதைப் படிக்க வந்தவர்கள், அறுபத்தேழு வயதுக்காரனைப் பார்த்துக் கிழவன் என்று சிரித்தார்கள். அதில் ஒரு பெண் மட்டும் சிரிக்காது. விண்ணரசி என்று பேர், ஏற்காட்டுப் பக்கம். எதற்கெடுத்தாலும் என் பக்கத்தில் போட்டுவிட்டார்கள் அந்தப் பெண்ணை. அதற்கு என்னால் ஒரு தொல்லை, எனக்கு அதனால் ஒரு தொல்லை.

என்ன? பாறை எவ்வளவு ஆழத்தில் என்றா? அதற்குத்தான் வருகிறேன். அவசரப்படாதீர்கள்.

மைக்ராஸ்கோப் என்று ஒன்று. கல்லை அறுத்து, முடி மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பார்கள். அடியிலிருந்து வெளிச்சம் வரும். வட்டத் தட்டைத் திருப்பினால் ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு விதமாக நிறம் மாறும். நம் ஊர்ப் பாறையில் ஒன்று உண்டு, திருப்பினால் ரோஜா நிறம் பச்சையாகும். அதை வைத்துத்தான் இன்ன பாறை என்று சொல்வது. எனக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தது. இடது கண்ணில் எடுக்கவில்லை. வலது கண்ணால் பார்த்தால் ரோஜா. இடது கண்ணால் பார்த்தால் டீத்தூள். ரோஜா என்று எழுதுவேனா, டீத்தூள் என்று எழுதுவேனா? தேர்வில் இரண்டையும் எழுதினேன். நேர்மையான பதில் அதுதான்.

மேடம் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதுல எந்தக் கண்ணுக்கு மார்க் போடட்டும்?" என்று வகுப்பு முழுக்கக் கேட்கக் கேட்டார். மேசையில் தட்டிச் சிரித்தார்கள். அந்தப் பெண் விண்ணரசி, "மேடம், சார் ரெண்டு கண்ணுலயும் பாத்ததைத்தானே எழுதியிருக்காரு" என்றது. யார் கேட்டார்கள் சிபாரிசு? ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள் சார் என்று அப்புறம் என்னிடம் சொல்லிக்கொடுத்தது. எனக்குத் தெரியாதா அது? தெரியும். சொல்லும்முன் தோன்றவில்லை.

அதைவிடக் கேளுங்கள். களப்பயிற்சி முகாம், ஒரு வாரம் வெளியூரில். அதற்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். ஆபீஸில் போய்ச் சத்தம் போட்டேன். அந்த கிளார்க் தலையே நிமிரவில்லை. "ரூலுங்க சார். ஸ்டூடண்டுன்னா கையெழுத்து வேணும்."

"எங்கப்பா செத்து முப்பது வருஷமாச்சு."

"அப்ப பையன்கிட்ட வாங்கிட்டு வாங்க."

கோயம்புத்தூர் போனேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது என் பையன் அர்த்தநாரி என்னிடம் ரேங்க் கார்டை நீட்டிக்கொண்டு நிற்பான். அவன் முன்னால் நான் தாளை நீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து பாவாயி, "போடாதடா, போயி எங்கயாவது உருண்டு விழுந்து வெப்பாரு" என்கிறாள். பேரன், "தாத்தா டூர் போறாரா?" என்கிறான். பையன் பேனாவைத் திறந்தான், மூடினான்.

"போடறேன்ப்பா. ஒரு பேச்சு மட்டும். படிச்சு முடிச்சு நீங்களே ஒரு பாயிண்ட் வைங்க. தண்ணி இருக்குன்னு உங்க படிப்பு சொன்னா, நானே போர் போட்டுத் தர்றேன். அம்மாவும் அங்க வந்துரட்டும். இல்லைன்னு சொன்னா, காட்டை வித்துட்டு நீங்க இங்க வந்துரணும். தனியா அங்க கெடந்து என்ன பண்றீங்க?"

சரி என்றேன். ஏன் சொல்ல மாட்டேன்? தண்ணீர் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே. மருமகள் பாவம், நல்ல பெண், முகாமுக்குப் போகிறேன் என்றதும் மூட்டு வலிக்கு ஒரு பெல்ட் வாங்கிக் கொடுத்தாள். முட்டியில் சுற்றிக்கொள்வது. நன்றாகத்தான் இருந்தது.

முகாம் ஒரு கரட்டில், மொட்டைப் பாறைக் குன்று. காலையில் ஏறினால் சாயந்தரம் இறங்க வேண்டும். ஒவ்வொரு பாறையும் எந்தத் திசையில் ஓடுகிறது என்று திசைகாட்டி வைத்துப் பார்த்து, வரைபடத்தில் கோடு போட வேண்டும். பையன்கள் ஆடு மாதிரி தாவுவார்கள். என்னால் குனிய முடியாது. பாறைமேல் உட்கார்ந்து, முட்டியை ஒட்டித் திசைகாட்டியை வைத்துப் பார்ப்பேன். நான் பார்த்ததெல்லாம் ஒரு திசை. மற்றவர்கள் பார்த்ததெல்லாம் ஒரு திசை. இரண்டு நாள் கழித்து வரைபடத்தைப் பார்த்தால், கரடு முழுக்க வடகிழக்கே ஓடுகிறது. நான் உட்கார்ந்த இடத்தில் மட்டும் தென்கிழக்கே திரும்பிக்கொள்கிறது.

"சார், உங்களைக் கண்டா மலையே திரும்பிக்குது" என்றான் ஒருவன்.

நான் விடவில்லை. பாறையில் இரும்பு இருக்கிறது, ஊசியை இழுக்கிறது, நான் சொல்வதுதான் புதுக் கண்டுபிடிப்பு என்றேன். கஞ்சமலையில் இல்லையா இரும்பு? மேடம், "கஞ்சமலை அங்க கெடக்கு சார். இந்தக் கரட்டுல இரும்பு நீங்க கையில வெச்சிருக்கற சுத்தி மட்டுந்தான்" என்றார். அன்று சாயந்தரம்வரை வாதாடினேன். ஆலையிலும் அப்படித்தான். ரீடிங் என்றால் ரீடிங். ஊசி காட்டியதைத்தான் எழுதினேன். நானா ஊசியைத் திருப்பினேன்?

அந்தப் பெண் விண்ணரசிதான் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தது. "சார், எந்திரிங்க" என்றது. எழுந்தேன். ஊசி திரும்பியது. "உக்காருங்க." உட்கார்ந்தேன். மறுபடி திரும்பியது. நாலு தரம் உட்கார்ந்து எழுந்தேன். முட்டி போயிற்று. கடைசியில், "சார், கால்ல என்ன கட்டியிருக்கீங்க?" என்றது.

பெல்ட்டைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே பட்டாணி பட்டாணியாகக் காந்தம். ஏதோ காந்த வைத்தியமாம். வாங்கிக் கொடுத்தது மருமகள். உள்ளே காந்தம் இருக்கிறது என்று அவளாவது சொல்ல வேண்டாமா? இதில் என் தவறு எங்கே இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள். சரி, சொல்ல வேண்டாம்.

அந்தப் பெண் யாரிடமும் சொல்லவில்லை. நானேதான் மேடத்திடம் போய், ரீடிங் எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள், திரும்ப எடுக்கிறேன் என்றேன். காரணம் சொல்லவில்லை. மற்றவர்கள் ஊர் திரும்பின அன்று நான் திரும்ப ஏறினேன், பெல்ட் இல்லாமல். முட்டி என்ன பாடுபட்டது என்று கேட்காதீர்கள். விண்ணரசி சும்மா கூட வந்தது. வரைபடப் பலகை, சுத்தி, தண்ணீர் பாட்டில், என் பை, இவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தது, இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டது. மற்றபடி ஒரு உதவியும் இல்லை. எல்லாம் நானே எடுத்தேன்.

என்ன சொல்ல வாயெடுத்தீர்கள்? இருங்கள். இதோ உங்கள் விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

கடைசியில் ஆளுக்கொரு ஆய்வு. நான் என் காட்டையே எடுத்துக்கொண்டேன். கல்லூரியிலிருந்து மிஷின் வந்தது. தரையில் நாலு இரும்புக் கம்பி அடிக்க வேண்டும். வெளிக் கம்பி இரண்டில் மின்சாரம் விட்டு, உள் கம்பி இரண்டில் அளக்க வேண்டும். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க, ஆழத்தில் என்ன இருக்கிறது என்று எண் சொல்லும். ஈரம் இருந்தால் எண் இறங்கும். முழுப் பாறை என்றால் ஏறும். எண்களைத் தாளில் புள்ளி வைத்துக் கோடாக இழுக்க வேண்டும். வெடிப்பில் தண்ணீர் இருந்தால் கோடு எங்காவது தயங்கும். கொஞ்சமாவது தயங்கும்.

மேட்டில் வைத்தோம். கோடு ஏறியது. நாற்பத்தைந்து டிகிரியில், அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி. மிஷின் சரியில்லை என்றேன். வேறொன்று வாங்கி வந்தார்கள். வேலமரத்தடியில் வைத்தோம். ஏறியது. கம்பியைக் குறுக்கே போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஏறியது. பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கோடியில் கம்பியும் சம்மட்டியுமாக வெயிலில் நின்றார்கள். "ஃபாசில் சார், போதும் சார்" என்று அங்கிருந்து கத்தினான் ஒருத்தன். போதாது என்றேன்.

கடைசியாக வடக்கு வேலியோரம். ஏறிக்கொண்டு வந்த எண் சட்டென்று இறங்கியது. கம்பியைத் தள்ளி அடித்தோம். இன்னும் இறங்கியது. புள்ளி வைத்தேன். கோடு வளைந்தது. இப்படி, கரண்டிக் குழி மாதிரி. அந்த ஒரு வளைவுக்குத்தான் ஐயா நான் வருஷம் முழுக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். பாவாயிக்குப் போன் போடலாம் என்று பையில் கையை விட்டேன்.

"சார்" என்றது விண்ணரசி. மெதுவாகத்தான். "வயர்ல தோல் உரிஞ்சிருக்கு. வேலிக் கம்பி மேல கெடக்குது."

பார்த்தேன். உரிந்த இடம் முள்கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. மின்சாரம் மண்ணுக்குள் போகவில்லை, வேலியில் ஓடிக்கொண்டிருந்தது.

பையன்கள் தூரத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு எண் தெரியாது. நான் பார்த்தேன், அந்தப் பெண் பார்த்தது, அவ்வளவுதான். அது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேசாமல் தாளை மடித்திருந்தால் பையன் போர் போட்டுத் தந்திருப்பான். பாவாயி பஸ் ஏறியிருப்பாள். புழுதி வரட்டுமே, வந்தவள் உடனேயா திரும்பிப் போய்விடுவாள்?

வயரை எடுத்து அந்தப் பக்கம் போடச் சொன்னேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன். திரும்ப அளந்தோம். ஏறியது. நாற்பத்தைந்து டிகிரி. தயக்கமே இல்லை.

ஏன் என்று கேட்காதீர்கள். ரீடிங் என்றால் ரீடிங்.

ஆய்வுக்கு மேடம் என்ன மார்க் போட்டார் தெரியுமா? தொண்ணூற்றொன்று. வகுப்பிலேயே முதல். என் காட்டில் தண்ணீர் இல்லை என்று நானே நிரூபித்ததற்குக் கைதட்டினார்கள். மேடையில் சான்றிதழ் கொடுத்தார்கள். பாவாயி வந்திருந்தாள், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு. "இதைத்தான அந்தக் கண்ணாடிக்காரரு அஞ்சு நிமிசத்துல சொன்னாரு?" என்றாள் பக்கத்து நாற்காலிக்காரரிடம்.

அதுதான் கதை. அர்த்தநாரி சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டான். விற்க வேண்டும் என்கிறான். விற்கட்டும். நான் தடுக்கவில்லை. வருகிறவர்களிடம் உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். முன்னால் வந்த இரண்டு பேரும் கேட்டுவிட்டு, சான்றிதழையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்லபடியாகக் கிளம்பிப் போனார்கள். பையன் என்மேல் பாய்ந்தான். படித்ததைச் சொல்வது தவறா? உங்கள் கோழிகள் நாளைக்கு வாயைப் பிளந்துகொண்டு சாகக் கூடாது என்றுதான் சொல்கிறேன். எனக்கென்ன லாபம் இதில்?

ஆழம்தானே கேட்டீர்கள். மூன்றே கால் மீட்டர். அதுவரை மண்ணும் உதிரிக் கல்லும். அதற்குக் கீழே பாறை. சும்மா பாறை இல்லை, ஒரே பாறை. ஆழத்துக்கு ஆழம் அப்படியே போகிறது. வெடிப்பா? ஒரு வெடிப்பும் இல்லை. மயிரிழை கிடையாது. நாலு ஏக்கரும் அப்படியேவா என்றால், நாலு ஏக்கரும் அப்படியேதான். எந்த மூலையில் வேண்டுமானாலும் தோண்டிப் பாருங்கள். இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒரு மட்டமான காடு உங்களுக்குக் கிடைக்காது.

என்ன சிரிக்கிறீர்கள்?

சொல்லுங்கள். சொல்லத்தான் சொல்கிறேன், அரைமணியாக நான்தானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

கோழி இல்லையா?

அப்புறம்?

கிரானைட்டா? பாலிஷ் போடுகிற கல்லா?

இருங்கள். ஒரு நிமிஷம் இருங்கள். வெடிப்பு இல்லாத கல்லைத்தான் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? வெடிப்பு இருந்தால் பெரிய பாளமாக எடுக்க முடியாது, உடைந்துபோகும். தெரியும் ஐயா, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு பாடமே உண்டு அதற்கு. நான் தண்ணீரைப் பற்றி மட்டும் படித்தேன். மற்றதைத் தேர்வோடு விட்டுவிட்டேன்.

நாலு ஏக்கரையும் பள்ளமாக வெட்டுவீர்கள். இந்த வீடு, அந்த வேலமரம், ஒன்றும் இருக்காது. மண்ணை அள்ளித் தூரப் போடுவீர்கள். நான் கோழிக்காரருக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டு...

சரி, இதைக் கேளுங்கள். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அறுபத்தேழு வயதில் படித்தவன் பேச்சு. மிஷினும் பழைய மிஷின். வெடிப்பு உண்டு. உள்ளே எங்காவது இருக்கும். பாளம் எடுத்தால் பாளம் பிளக்கும், உங்களுக்குத்தான் நஷ்டம். யோசித்துச் செய்யுங்கள்.

யார்?

யார் சொல்லி வந்தீர்கள் என்றீர்கள்?

விண்ணரசியா? உங்கள் கம்பெனியிலா வேலை பார்க்கிறது? எப்போதிருந்து? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. இல்லை, சொல்லியிருக்கும். தீபாவளிக்குப் போன் பண்ணியது, வேலை கிடைத்தது சார் என்றது. எங்கே என்று நான் கேட்கவில்லை. காட்டை வாங்க ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறான், பையன் திட்டுகிறான் என்று நான்தான் அரைமணி நேரம் புலம்பினேன். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கும், பைத்தியக்காரப் பெண்.

என்ன சொல்லியது?

இன்னொரு தரம் சொல்லுங்கள்.

'சார் எடுத்த ரீடிங்னா நாம திரும்ப எடுக்க வேண்டாம்.' அப்படியா சொல்லியது? உங்கள் முதலாளிகளுக்கு நடுவிலா? அதை நம்பி, மிஷின்கூட எடுத்துவராமல், காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்களா?

ம்.

எங்கே வெடிப்பு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வாருங்கள் வெளியே. காட்டுகிறேன். பார்த்து வாருங்கள், படி உடைந்திருக்கிறது. அதோ மேடு. அங்கே... அங்கே இல்லை. வேலமரத்தடியில் இரண்டு தரம் வைத்தோம், அங்கேயும் இல்லை. வடக்கு வேலியோரம், அந்த மூன்றாவது கல்லுக்காலுக்குப் பக்கத்தில்...

எங்கேயும் இல்லை ஐயா. எங்கேயும் இல்லை. நாலு ஏக்கரில் ஒரு வெடிப்பும் இல்லை. அந்தப் பெண் சொன்னது சரி. எழுதிக்கொள்ளுங்கள்.

அதோ பையன் கார் வருகிறது. எப்படி ஓட்டுகிறான் பாருங்கள், இதில் பஞ்சர் ஆகாமல் என்ன ஆகும்? அவனிடம் விலை பேசுங்கள், எனக்கு அதில் வேலை இல்லை. நீங்கள் எனக்கு ஒன்று மட்டும் செய்ய வேண்டும். மண்ணை எடுத்துப் பாறை தட்டுப்படுகிற அன்றைக்கு எனக்குச் சொல்லியனுப்புங்கள். கோயம்புத்தூரிலிருந்து காலையில் பஸ் இருக்கிறது, வந்துவிடுவேன். அந்தப் பாறையை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, எண்ணாகத்தான் பார்த்திருக்கிறேன். டேப் நானே கொண்டுவருகிறேன். மூன்றே கால் மீட்டர். ஒரு சாண் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள்.